இரண்டு மணி பத்து நிமிடத் தூரம்

அந்தச் சிறிய விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவருக்குத் 'தண்ணிவண்டி' என்று பேர் விழுந்ததற்கு அவருடைய மச்சான்தான் காரணம். தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு வந்தவரிடம், "பையன் எப்படிப்பா?" என்று வீட்டில் கேட்டார்கள். மச்சான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தண்ணி வண்டி" என்று சொன்னார். அவ்வளவுதான், பெண் வீட்டில் பாதிப் பேர் முகம் தொங்கிவிட்டது. குடிகாரனுக்கா பெண்ணைக் கொடுப்பது? விஷயம் தெளிவாக அரை மணி நேரம் பிடித்தது. அப்புறம் கல்யாணம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். உண்மையில் மாப்பிள்ளைக்கு அந்த வாசனையே ஆகாது. இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றும்.

வேலை கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். ஆறாயிரம் லிட்டர் தண்ணீர், எழுநூறு லிட்டர் நுரை மருந்து, கூரைமேல் பீரங்கி மாதிரி ஒரு குழாய். ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும், ஏறும்போதும் வண்டியை வெளியே கொண்டுவந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஓடுபாதையைப் பார்த்து நிற்க வேண்டும். விமானம் நின்று, விசிறி சுற்றுவது அடங்கிய பிறகுதான் திரும்பலாம். ஒரு நாளைக்கு நாலைந்து விமானம். இத்தனை வருடத்தில் அவர் அணைத்தது ஓடுபாதை ஓரத்துக் காய்ந்த புல்லில் பிடித்த தீ ஒன்று. அப்புறம் ஒரு டயரில் வந்த புகை. நாய் விரட்டியதெல்லாம் கணக்கில் சேராது. "நாம எரியாத நெருப்புக்குச் சம்பளம் வாங்குறவங்கடா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் சிரிப்பார். ஆனால் ஒரு நாளும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றதில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். நாள் முழுக்க ஊசியும் குப்பியுமாக இருந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் பேசமாட்டார். சண்டையும் போடமாட்டார். கேட்டதைச் செய்வார், கேட்காததைச் செய்யத் தெரியாது. சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்பதுபோல நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருடம் பார்த்துவிட்டு ஒரு நாள் அவள் அழாமல், சத்தம் போடாமல் சொன்னாள்:

"உங்ககூட இருக்கறது ஃபயர் ஸ்டேஷன்ல இருக்கற மாதிரியே இருக்குங்க. ஏதாவது எரிஞ்சாத்தான் நீங்க எழுந்திரிப்பீங்க. எனக்கு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியல."

அவருக்குப் பதில் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை அவள் போயிருக்கமாட்டாள்.

அவளுடைய அண்ணன், அதே மச்சான், வெகு தூரத்தில் இன்னொரு சிறிய ஊரில் இருந்தார். அங்கே புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்தது. ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். விஷயம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அவருடைய வக்கீல் முன்கூட்டியே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "தூரத்தைப் பத்திக் கேட்பாங்க. ரொம்ப தூரம், குழந்தை தாங்காதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

நீதிபதி வயதான அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்தார்.

"நீங்க ஏர்போர்ட்லதானே வேலை செய்யறீங்க? அந்த ஊருக்கு இங்கேருந்து எவ்வளவு நேரம் ஆகும்?"

வீட்டில் வாய் திறக்காத மனிதர், தொழிலில் ஒரு கேள்வி கேட்டதும் நிமிர்ந்துவிட்டார்.

"நேர்க்கோட்டுல தொள்ளாயிரத்து எண்பது கிலோமீட்டர் மேடம். வாரத்துக்கு மூணு விமானம், நடுவுல எங்கேயும் நிக்காது. ரெண்டு மணி பத்து நிமிஷம். எதிர்க்காத்து இருந்தா இன்னொரு பத்து நிமிஷம் கூட ஆகும்."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரமா?" என்றார் நீதிபதி. "என் பேரனைப் பார்க்க நான் பஸ்ல மூணு மணி நேரம் போறேனே."

குழந்தை அம்மாவிடம் இருக்கும், மாதத்தில் இரண்டு நாளும் பள்ளி விடுமுறையில் பாதியும் அப்பாவிடம் வரும் என்று தீர்ப்பு ஆயிற்று. வெளியே வந்ததும் வக்கீல் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று வழக்குக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவர் அங்கேயே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். தான் சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்கு அப்போது புரியவில்லை. அத்தனையும் சரியான கணக்கு.

முதல் மூன்று வருடம் அந்தக் கணக்கு அவரைக் கைவிடவும் இல்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மகள் தனியாக விமானத்தில் வருவாள். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதில் அவள் பெயர், அனுப்புகிறவர் பெயர், வாங்கிக்கொள்கிறவர் பெயர். விமானம் இறங்கும்போது அவர் வண்டியில்தான் இருப்பார், இருந்தாக வேண்டும். எந்த ஜன்னலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாது. அதனால் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையைத் தூக்கி வைத்துக்கொள்வார். விசிறி அடங்கியதும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றக்கூட நிற்காமல் ஓடுவார். வருகைக் கூடத்தில் விமானப் பணிப்பெண் ஒரு படிவத்தை நீட்டுவாள். 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டை முடிச்சு வாங்குகிறவர்கள் போடுகிற அதே மாதிரிக் கையெழுத்துதான்.

"அப்பா, நீ இன்னிக்கு கையைத் தூக்கினியாமே. நீ என்னைப் பார்த்தியா?"

"பார்த்தேனே."

"பொய். நான் அந்தப் பக்கத்து ஜன்னல்ல இருந்தேன். பக்கத்துல இருந்த ஆன்ட்டிதான் சொன்னாங்க."

இரண்டு நாளும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். அவரும் பேசுவார். பெண்ணிடம் பேசப் பேசத்தான், இதைப் போய்ப் பெண்டாட்டியிடம் பேசாமல் விட்டோமே என்று அவருக்கு உறைக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விமானத்தில் ஏற்றிவிட்டு, மறுபடி வண்டியில் போய் நின்று, அது மேலே ஏறிப் புள்ளியாகும் வரை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவளுக்குப் பத்து வயது நடக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை நிலைய அதிகாரி எல்லாரையும் கூப்பிட்டு ஒரு கடிதத்தைப் படித்தார். அந்த ஊருக்குப் போகிற நேர் விமானத்தில் பாதி இருக்கைகூட நிரம்புவதில்லை. மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். மற்றவர்களுக்கு வாரத்தில் மூன்று தடவை வண்டியை வெளியே எடுக்கிற வேலை மிச்சம். ஒருவன், "நல்லதாப் போச்சு" என்று வாயெடுத்து, தண்ணிவண்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கு ராத்திரி வரை காத்திராமல் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போய் விசாரித்தார். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு இடத்துல மாறணும்ணே. இங்கேருந்து வடக்கே போய், அங்கேருந்து கிழக்கே போய், அப்புறம் தெற்கே திரும்பி வரணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதைதான். பதினாறு மணி நேரம் காட்டுது. ஒரு விமானம் தாமதமானாலும் நடு ஊர்ல ராத்தங்கணும்."

"பாப்பா தனியா வருவாளே?"

"பன்னெண்டு வயசு ஆகணும்ணே. அதுக்குள்ள தனியா வர்ற குழந்தைங்களை விமானம் மாத்தி ஏத்தமாட்டாங்க. சட்டம் அப்படி."

சாலை வழியாகப் போகலாமா என்றால், நடுவில் ஒரு மலைத்தொடரும் அதைத் தாண்டினால் ஒரு வளைகுடாவும். சுற்றிக்கொண்டு போனால் ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிலோமீட்டர். இரண்டு பகல், இரண்டு இரவு.

இனி அவர்தான் போக வேண்டும். அதற்கு லீவு வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் ஆள் கணக்கு குறைந்தால் அன்றைக்கு விமானம் இறங்க அனுமதி கிடையாது. ஏற்கெனவே இரண்டு இடம் காலி. "உன் கஷ்டம் புரியுதுய்யா" என்பார் அதிகாரி. "ஆனா நீ போனா ஏர்போர்ட்டையே மூடணுமே." ஒரு பேச்சுக்குச் சொன்னதல்ல, அதுதான் நிஜம். நீதிமன்றத்தில் திரும்ப மனுப் போட்டுப் பார்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்டார். "என்னன்னு போடறது? விமானத்தை ஓட்டச் சொல்லியா?" என்றார் வக்கீல்.

ஐந்து மாதம் கழித்து நாலு நாள் லீவு கிடைத்தது. பதினாறு மணி நேரம் என்றது இருபத்திரண்டாகி, கசங்கிய சட்டையோடு அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரு நாள் கரைந்திருந்தது. திரும்பவும் அவ்வளவு வேண்டும். மச்சான் வீட்டு மாடியில்தான் தாயும் மகளும் இருந்தார்கள். கதவைத் திறந்தது மகள். ஒரு கணம் தயங்கிவிட்டு வழிவிட்டாள்.

"வாங்கப்பா. உட்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பையில் அவளுக்கு வாங்கி வந்த காலணி இருந்தது. கொடுத்தார். போட்டுப் பார்த்தாள், கட்டைவிரல் இடித்தது. "பரவால்லப்பா, இறுக்கமா இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

"ஏம்மா, என்னை எதுக்கு வாங்க போங்கன்னு கூப்பிடறே?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"இங்கே மாமாவை எல்லாம் அப்படித்தான் கூப்பிடணும்னு சொன்னாங்க. பழகிடுச்சுப்பா."

மறுநாள் காலையில் அவளுக்குப் பரீட்சை. பள்ளி வாசல் வரை கூடப் போனார். தோழிகள் வந்ததும் அவள் கையை விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தவரிடம் மனைவி (இன்னும் அவளை வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை) டம்ளரை நீட்டியபடி சொன்னாள்:

"ரொம்ப இளைச்சுட்டீங்க. இந்த ஊருக்கே மாத்தல் கேட்டுப் பாருங்களேன். அவளுக்காகச் சொல்றேன்."

"கேட்டேன். இங்கே விமானம் குறைஞ்சதுல ஸ்டேஷன்ல ஆளைக் குறைச்சுட்டாங்களாம். இருக்கறவங்களையே வெளியூருக்கு அனுப்பறாங்க."

"வேற வேலை?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

 ஒரு காலத்தில் அவர் பேசாமல் இருந்ததுபோல இப்போது அவள் பேசாமல் நின்றாள்.

அடுத்த மூன்று வருடத்தில் அவர் அங்கே போய் வந்தது நாலே தடவை. ஒவ்வொரு தடவையும் மகள் வளர்ந்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் வாங்கிப்போன உடுப்பு ஒரு சாண் குறைந்தது. போனில் பேசுவார்கள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்பா." அதற்கு மேல் ஓடாது. பன்னிரண்டு முடிந்ததும் தனியாக அனுப்பச் சொல்லிக் கேட்டார். அம்மாவுக்கு மனசு வரவில்லை. பெண் பிள்ளை, இரண்டு இடத்தில் மாற வேண்டும், நடுவில் ஏதாவது ஆனால்? ஒரு வருடம் அதிலேயே போயிற்று. பதின்மூன்று வயதில், சேர்ந்தாற்போல் ஐந்து நாள் விடுமுறை வந்தபோது, மகளே அம்மாவிடம் சண்டை போட்டாளாம். அதை மச்சான்தான் போனில் சொன்னார். "உங்க பொண்ணு உங்களை மாதிரி இல்ல மாப்ள. வாயைத் திறந்து கேட்கறா. ஏத்திவிடறோம், பத்திரமா இறக்கிக்கோங்க."

அவர் வீட்டை இரண்டு வாரம் சுத்தம் செய்தார். அவள் படுத்த சின்னக் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஆள் உயரக் கட்டில் ஒன்று வாங்கிப்போட்டார். சுவருக்கு வெள்ளையடித்தார். நாலு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒண்ணே ஒண்ணுய்யா. வெள்ளிக்கிழமை காலையில ஆள் பத்தாது. உன் பொண்ணு வர்ற விமானத்தை மட்டும் இறக்கிவிட்டுட்டு, அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிடு" என்றார். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீடு இல்லை. அப்படி ஒரு பனி. வருடத்தில் ஏழெட்டு நாள் அந்த ஊரில் அப்படி இறங்கும், பத்து மணிக்கெல்லாம் விலகிவிடும். விமானம் எட்டே முக்காலுக்கு.

எட்டு முப்பதுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி தொங்குவதுபோல் இருந்தது. பெரிய நிலையங்களில் கருவியை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிடுவார்கள். இங்கே விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. வண்டிக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த, கூரைக் குழாயை இயக்குகிற குழாய்க்காரருக்கு விஷயம் தெரியும்.

எட்டு நாற்பதுக்கு விமானியின் குரல் வந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் பனியைப் பற்றிச் சொன்னார். காத்திருந்து பார்க்கிறேன் என்றது அந்தக் குரல். பிறகு தலைக்கு மேல் சத்தம் கேட்டது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவர் கழுத்து திரும்பியது.

ஒன்பது பத்துக்கு முதல் முயற்சி. சத்தம் தாழ்ந்து, நெருங்கி, சட்டென்று சீறி மேலே ஏறிப் போயிற்று. 'ஓடுபாதை தெரியவில்லை' என்றது ரேடியோ.

அவர் மைக்கை எடுத்தார். பதினெட்டு வருட வேலையில், யாரும் கூப்பிடாமல் அவர் மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை.

"டவர், வண்டியை ஓடுபாதை முனைக்குக் கொண்டுபோய் எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு நிக்கட்டுமா? சிவப்பு லைட் தெரியும் சார். கொஞ்சமாவது தெரியும்."

 அப்புறம் கோபுரத்திலிருந்து, கடுமையில்லாத குரலில் பதில் வந்தது. யார் வருகிறார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"வேண்டாம்ணே. எது ஓடுபாதை லைட், எது வண்டி லைட்னு விமானி குழம்பிடுவார். இருக்கற இடத்துலயே இருங்க."

"சரி சார்."

குழாய்க்காரர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது முயற்சியில் விமானம் மிகவும் தாழ வந்தது. வண்டியின் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு நொடி, பனிக்குள் ஏதோ கருப்பாக நகர்ந்ததுபோல் இருந்தது, இறக்கையா, வெறும் பிரமையா, சொல்ல முடியாது. நூறு மீட்டர் இருக்குமா? அவர் தன்னை அறியாமல் கையைத் தூக்கியிருந்தார். சத்தம் தலைக்கு மேலாகக் கடந்து, ஏறி, வடக்கே திரும்பியது. எரிபொருள் கணக்கைச் சொல்லிவிட்டு, புறப்பட்ட நகரத்துக்கே திரும்புவதாக விமானி அறிவித்தார். அவர் இன்ஜினை அணைக்கவில்லை. சத்தம் முழுக்கத் தேய்ந்த பிறகும் ஐந்து நிமிடம் போல அப்படியே உட்கார்ந்திருந்தார். பத்தேகாலுக்குப் பனி விலகி, வெயில் வந்து, ஓடுபாதை கடைசிக் கோடு வரை பளிச்சென்று தெரிந்தது.

மத்தியானம் மகள் அந்த நகரத்திலிருந்து போன் செய்தாள். அடுத்த விமானத்தில் இடமில்லை. நாளை மறுநாள் மாலைதான். அங்கே தனியாக இரண்டு ராத்திரி தங்குவதா என்று அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள், அப்படியே வீட்டுக்குத் திரும்பி வா என்று.

"நான் அங்கே வந்து உன்னைக் கூட்டிக்கறேம்மா. சாயங்கால விமானத்துல வந்துடறேன்."

"அதுக்குள்ள எனக்கு இங்கே ஃபிளைட்பா. டிக்கெட் மாத்திட்டாங்க. கூப்பிட்டுட்டாங்க, வரிசையில நிக்கறேன்."

அவர் போனை இறுக்கிக் காதில் அழுத்திக்கொண்டார்.

"பயந்துட்டியாம்மா?"

"எல்லாரும் பயந்தாங்க. ஒரு பாட்டி வாந்தி எடுத்துட்டாங்க. நான் பயப்படல."

"ஏன்?"

"கீழே நீ வண்டியை வச்சுக்கிட்டு நிப்பேன்னு தெரியும்ல."

மூன்று வருடத்துக்கு அப்புறம் வந்த அந்த 'நீ'யை அவள் கவனித்தாளோ என்னவோ. அவர் கவனித்தார். கண்ணை மூடிக்கொண்டு, ஏதாவது சொல்ல வேண்டும், இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று வார்த்தையைத் தேடினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன்பா. வச்சிடறேன், உள்ளே விடறாங்க."

லீவு போட்டது போட்டதுதான். சனிக்கிழமை முழுக்க அவர் வீட்டில் இருந்தார். புதுக் கட்டிலில் விரித்த போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த அறையின் கதவைச் சாத்தினார். சாத்தினால் ஆள் உள்ளே இருப்பதுபோல் இருந்தது, திறந்து வைத்தார். திறந்தால் யாரும் இல்லை என்பது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேய்யா?" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார். கணக்குல சேர்த்து வைங்க. அவ அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்."

அதிகாரி லீவுப் புத்தகத்தைத் திறந்து, இரண்டு நாளைத் திருத்தி எழுதினார். எழுதி முடிக்கும் வரை எதிரில் நின்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அடுத்த தடவை வருவதற்கு இருபது மாதம் ஆயிற்று. அப்போது மகளுக்குப் பதினைந்து. வானம் நிர்மலமாக இருந்தது, விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மூன்று நாள் இருந்தாள். நல்ல பெண்ணாக, பாத்திரம் கழுவிக் கொடுத்து, துணி மடித்து வைத்து, பெரும்பாலும் போனில் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து அறையில், கூப்பிட்டால் எழுந்து போக வசதியாக, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.